பதினேழுக்கு ஒன்பது நாள்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்களை என்னிடம் அனுப்பிவிட்டுப் போன எஸ்.எம். திரும்பி வர அரை மணி நேரமாவது ஆகும். மீட்டிங் என்று உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வருகிற மனுஷர் இல்லை. எஸ்.எம். என்றால் ஸ்பின்னிங் மாஸ்டர். ராஜபாளையத்தில் உங்கள் மில்லிலும் அப்படித்தான் சொல்வார்கள், இல்லையா?

நான் பெரியநாயகம். மெயின்டெனன்ஸ் ஃபோர்மேன். முப்பத்து மூன்று வருஷமாக இந்த மில்தான். வேடசந்தூர் ரோட்டில் சுற்றிலும் கருவேல மரத்தைத் தவிர ஒன்றும் இல்லாத காலத்தில் வந்து சேர்ந்தவன். மோட்டார், ஃபேன், கம்ப்ரசர், எது சத்தம் போட்டாலும் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அதோ டிவி தெரிகிறதா? புள்ளி புள்ளியாகப் பச்சை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மெஷின். நாற்பத்தொரு மெஷின், நாற்பத்தொரு சென்சார். மெஷின் எவ்வளவு நடுங்குகிறது, எவ்வளவு சுடுகிறது என்று மணிக்கு ஒரு தடவை அது கண் விழித்துப் பார்க்கும். பார்த்ததைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறதாம். சென்னையில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு இந்த பேரிங் நன்றாக இருக்கிறது, இந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லும். சும்மா சொல்லாது. இன்னும் எத்தனை நாள் என்று சொல்லும். மீதமுள்ள ஆயுள் என்று அதற்குப் பெயர். அதைக் கொண்டுவந்து கேன்டீனில் மாட்டியிருக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், ஒருத்தருடைய ஆயுளை இட்லி தின்கிற இடத்திலா எழுதிப் போடுவது?

நல்ல சாமானா என்று கேட்கிறீர்கள். நல்ல சாமான்தான். வாங்கலாமா என்றால் அதற்கு நேரே பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மனைவி கோமதிக்குக்கூடத் தெரியாத விஷயம். எனக்கும் சேசுராஜுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் சொல்கிறேன். கேட்டுவிட்டு, நான் செய்தது சரியா தப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் ஆடியில் சென்சார் வந்தது. டை கட்டிய ஒரு மனுஷர் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ரவா லட்டு அளவு. அடியில் காந்தம். மோட்டார் மேல் வைத்தால் பச்சக்கென்று பிடித்துக்கொள்ளும். தலையில் ஒரு ஸ்டிக்கர், அதில் நம்பர். ஒன்று என்றால் ஒன்றாம் கம்ப்ரசர். பதினேழு என்றால் ஏழாம் கார்டிங், அதாவது பஞ்சைச் சிக்கெடுக்கிற மெஷின். இப்படி. அவர் ஒன்றை எடுத்து வாளித் தண்ணீருக்குள் போட்டார். "தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நானாக எதையும் ஆரம்பிக்கவில்லை. முதலில் போட்டவர் அவர்.

புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் டிபார்ட்மென்டில் முந்தின நாளே எல்லாவற்றையும் குளிப்பாட்டிவிடுவது வழக்கம். ஸ்பேனர், சுத்தியல், ஏணி, டிராலி, என் சைக்கிள் முதற்கொண்டு. மண்ணெண்ணெயில் ஒரு கழுவு, சீயக்காய் போட்ட வெந்நீரில் ஒரு கழுவு, துடைத்து, சந்தனம், குங்குமம். முன்னால் நின்று செய்கிறவன் ஃபிட்டர் சேசுராஜ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனால் ஆயுத பூஜைக்கு அவன் காட்டுகிற பக்தியில் கால்வாசிகூட நான் காட்டியதில்லை. அவன் வந்து கேட்டான்.

"அண்ணே, இந்தச் சென்சாரு?"

"அதுக்கென்ன?"

"குளிப்பாட்டணுமா?"

"அது ஆயுதமா, இல்லையா?"

யோசித்தான். "ஆயுதந்தேன்."

"அப்பறம் என்ன கேள்வி?"

இவ்வளவுதான் நான் சொன்னது. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் நாற்பத்தொன்றையும் கழற்றி ஒரே அண்டாவில் போட்டான். ஸ்பேர் ஒன்று இருந்தது. அது மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதையும் போட்டான். பத்து நிமிஷம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன். காந்தத்தோடு காந்தம் கவ்விக்கொண்டு சென்சார் எல்லாம் கொத்தாக அடியில் கிடக்கிறது. நாற்பத்திரண்டு ஸ்டிக்கரும் மேலே மிதக்கிறது, பாயசத்தில் முந்திரி மாதிரி. சென்சாரைத் தண்ணீரில் போடலாம் என்ற மனுஷர், ஸ்டிக்கரைப் போடக்கூடாது என்று சொன்னாரா? சொல்லவில்லை. பசையும் மட்டமான பசை.

சேசுராஜ் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இதில் என்னடா இருக்கிறது, எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அச்சு, துடைத்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டு, நம்பரைப் பார்த்து அந்தந்த மெஷினில் மாட்டு என்றேன். அப்படியே செய்தான். இதற்கு நடுவில் கேன்டீன் குழந்தைசாமி வந்து நின்றார். அவருடைய கிரைண்டர் மட்டும் மெஷின் இல்லையா, இருநூறு பேர் சாப்பிடுகிற இட்லிக்கு அதுதானே மாவு ஆட்டுகிறது என்று கேட்டார். நல்ல நாளில் மனஸ்தாபம் எதற்கு? மிச்சமிருந்த ஒன்றை அதன் தலையில் வைத்தோம். சந்தனத்தோடு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பூஜை நன்றாக நடந்தது. பொரி, கடலை, சுண்டல், எதிலும் குறை இல்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் சென்னையிலிருந்து மெர்லின் என்று ஒரு பெண் ஃபோன் பண்ணும். நாகர்கோவில் பக்கத்துப் பெண். நம் மெஷினை எல்லாம் அங்கிருந்தே பார்த்துக்கொள்வது அதன் வேலை. மரியாதை தெரிந்த பெண். பூஜை முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை ஃபோன் பண்ணி, "சார், பதினேழுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் காட்டுது. ஏழாம் கார்டிங். கொஞ்சம் திறந்து பாத்துருங்க" என்றது.

மறுநாள் திறந்தோம். பேரிங் புது மாப்பிள்ளை மோதிரம் மாதிரி மின்னுகிறது. ஒரு கீறல் இல்லை. சேசுராஜ் என்னைப் பார்த்தான். நான் சேசுராஜைப் பார்த்தேன். அப்போதுதான் இரண்டு பேருக்கும் அண்டா ஞாபகத்துக்கு வந்தது.

விஷயம் புரிகிறதா சார்? வெளியே ஒட்டியிருக்கிற நம்பர் சரி. உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் வேறு. சென்னை கம்ப்யூட்டருக்கு ஸ்டிக்கர் தெரியாது, உள்ளே இருக்கிற ஆளைத்தான் தெரியும். பதினேழாம் ஆள் ஏதோ ஒரு மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஐயோ இது போகப்போகிறது என்று கத்துகிறான். எதன் மேல் உட்கார்ந்திருக்கிறான்? நாற்பத்திரண்டில் ஒன்று. இருப்பது எட்டு நாள்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நினைக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு அடுத்து வந்த தை மாதம் ஐம்பத்தெட்டு முடிய இருந்தது. அதற்கு மேல் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கொடுக்கலாமா என்று சின்ன முதலாளி கார்த்திகையில் முடிவு பண்ண இருந்தார். நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் நான் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் என்றால் பகல் முழுக்க. கோமதி அதற்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். முதல் வரி, மிக்ஸி. மில்லையே ஓட்டுகிற மனுஷன் வீட்டு மிக்ஸியைத் தொட்டு பதினாறு வருஷமாகிறது என்று அவளுக்கு ஒரு குறை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மில்லில் பெயர் வைத்துவிடுவார்கள் சார். முனியாண்டி என்று ஒருத்தர் இருந்தார். ஒருநாள் அவசரத்தில் கேட் பாஸைக் கொண்டுபோய் வாசலில் இருக்கிற தபால் பெட்டியில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து தபால் முனியாண்டி. ரிட்டயர் ஆனார், காலமும் ஆனார். மாலை வாங்கி, 'தபால் முனியாண்டி அவர்களுக்கு' என்று எழுதிக்கொண்டுபோய்ப் போட்டார்கள். அப்படிப்பட்ட ஜனம். என்னை என்ன சொல்லும்? சீயக்காய்ப் பெரியநாயகம். முப்பத்து மூன்று வருஷத்துக்கு மிச்சம் அதுதானா?

அதனால் நானே கண்டுபிடிப்பது என்று முடிவு பண்ணினேன். சத்தம் இல்லாமல், யாருக்கும் தெரியாமல்.

முதலில் கிரைண்டர் மேல்தான் சந்தேகம். அதுதான் மில்லிலேயே அதிகம் கத்துகிற மெஷின். குழந்தைசாமியிடம் ஒன்றும் சொல்லாமல் பேரிங்கை மாற்றினோம். மறுநாள் இட்லி பூப்போல வந்தது, எல்லாரும் இரண்டு இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். டிவியைப் பார்த்தால் பதினேழு அப்படியே சிவப்பில். ஆறு நாள் என்று போட்டிருக்கிறது.

அப்போது மெர்லினே ஃபோன் பண்ணியது. செவ்வாய்க்கிழமைகூட இல்லை. "சார், ஏழாம் கார்டிங் மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூத்து நாப்பது சுத்து ஓடணும். இது தொள்ளாயிரத்து அறுபதுதான் காட்டுது" என்றது.

எனக்கு ஒரு நிமிஷம் வேர்த்துவிட்டது. ஆனால் சமாளித்தேன். "பூஜைக்கு லீவுல இருந்துச்சுல்லம்மா. சுறுசுறுப்பு வர ரெண்டு வாரம் ஆகும்" என்றேன்.

 அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒரு சத்தம். சென்னையில் தூசி ஜாஸ்தி. "சரி சார், சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கிறேன், தொள்ளாயிரத்து அறுபது சுத்து ஓடுற மோட்டார் உங்க மில்லுல எத்தனை இருக்கும்?" என்று கேட்டது.

சின்னப் பெண். என்ன கேட்கிறோம் என்று அதற்கே தெரியவில்லை. எனக்குத்தான் பளிச்சென்று புரிந்தது. அந்தச் சுற்றில் ஓடுகிற மோட்டார் சென்சார் வைத்ததில் பதினொன்றுதான் உண்டு. பதினேழாம் ஆள் அந்தப் பதினொன்றில் ஒன்றின் மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலேயே அதன் வாயிலிருந்து விஷயத்தை வாங்கிவிட்டேன். என் மூளை வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செய்யும் சார், அதைச் சொல்ல வேண்டும்.

வழி சுலபம். சென்சாரை மறுபடி கழற்ற இரண்டு பேருக்கும் பயம், அதனால் ஒரு மோட்டாரை நிறுத்த வேண்டும். சென்சார் மணிக்கு ஒரு தடவைதானே பார்க்கும், அதனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிறுத்த வேண்டும். நடுக்கத்தைக் கோடு போட்டுக் காட்டுகிற ஆப் என் செல்போனிலும் உண்டு, அதில் பதினேழாம் கோடு படுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். படுத்தால் ஆள் அகப்பட்டான். படுக்காவிட்டால் அடுத்தது. ஆனால் ஓடுகிற மெஷினை மணிக்கணக்கில் நிறுத்த எஸ்.எம். கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குக் காரணம் வேண்டும். பதினொரு மோட்டாருக்குப் பதினொரு காரணம்.

எங்கள் எஸ்.எம். பெயர் ரங்கபாஷ்யம். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார், நமக்கு என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துவிடும். முதல் மோட்டாருக்கு, உள்ளே ஓணான் புகுந்துவிட்டது என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டார். இரண்டாவதற்கு, ஓணானின் ஜோடி. போட்டார். மூன்றாவதற்கு, குங்குமம் காற்றோட்டத் துவாரத்தை அடைத்திருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்து, "நல்லா துடைங்க" என்று சொல்லிப் போட்டார். நாலாவதற்கு, மோட்டாரிலிருந்து ஒரு வாசனை வருகிறது என்றேன். என்ன வாசனை என்று கேட்டார். நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது மல்லிகை. "மல்லிகை" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போட்டார். ஐந்தாவதற்குப் போனபோது நான் வாயைத் திறக்குமுன்னே பர்மிட் புத்தகத்தை எடுத்து மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். காரணத்தை நானே எழுதிக்கொள்ளலாமாம். முப்பத்து மூன்று வருஷ நம்பிக்கை என்றால் அதுதான்.

மில்லில் மற்றவர்களுக்கும் சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டேன். நான் எந்த மோட்டாரிடம் போகிறேனோ அங்கே அமுதவல்லி எனக்கு முன்னால் விளக்குமாற்றோடு இடத்தைப் பெருக்கி வைத்துவிட்டு நிற்பாள். கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு அவள்தான் தலைவி. "இன்னைக்கு இதுக்கா அண்ணே மேலுக்குச் சரியில்ல?" என்பாள். தற்செயலாகக் கேட்கிறவளிடம் என்ன பதில் சொல்வது? ஒரு மெஷினை நான் நிறுத்தினால் டிவியில் எங்கோ இருக்கிற வேறு மெஷின் நின்றதாகக் காட்டும். அது ஒன்றுதான் ஆபத்து. ஆனால் சாப்பிட உட்கார்ந்த ஜனம் டிவியையா பார்க்கும்?

இன்னொரு விசேஷம். இதே கேன்டீன் சுவரில் யாரோ கரியால் பதினொரு கோடு போட்டு, நாலை அடித்து வைத்திருந்தார்கள். நானும் அன்றைக்கு நாலு மோட்டார்தான் முடித்திருந்தேன். ஏதோ விளையாட்டு போல, சுவரை அசிங்கப்படுத்துகிறார்களே என்று நானே ஈரத்துணி வாங்கித் துடைத்தேன். மறுநாள் மறுபடி இருந்தது. ஆறு அடித்திருந்தது. நானும் ஆறு முடித்திருந்தேன். இப்படியெல்லாம் உலகத்தில் ஒத்துப்போகும் சார், சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எட்டு மோட்டார் முடிந்தது. பதினேழு படுக்கவில்லை. மிச்சம் மூன்று.

அந்த மூன்றும் எது என்றால், ஹெச்-பிளான்ட் ஃபேன். நூற்பு ஹாலுக்கு ஈரக்காற்று அனுப்புகிற இடம். உங்களுக்குத் தெரியாததா? ஆள் உயரத்துக்கு ஃபேன். அது நின்றால் ஈரம் குறையும், ஈரம் குறைந்தால் ஹால் முழுக்க இழை அறும். அதை ஒரு மணி நேரம் நிறுத்த ஓணானும் போதாது, மல்லிகையும் போதாது. புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய காரியத்துக்கு அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அன்றைக்குப் புதன்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மெர்லின். "சார், ஒரு நாளெல்லாம் இல்ல சார். மணிக்கணக்குக்கு வந்துருச்சு. எதுவா இருந்தாலும் சீக்கிரம் நிறுத்திருங்க." எதுவாக இருந்தாலும் என்று ஏன் சொன்னது என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

ஏனென்றால் இரண்டு மணிக்கு அமுதவல்லி அந்த ஃபேனுக்குப் பின்னால் போய் ஃபில்டர் கழுவ வேண்டும். தினமும் அதுதான் நேரம். ஓடுகிற ஃபேனில் பேரிங் உடைந்து, ஷாஃப்ட் இறங்கி, இறக்கை பிய்த்துக்கொண்டு போனால் பின்னால் நிற்கிறவள் கதி என்ன? அதுவரை இந்த விஷயத்தில் என் பெயர், என் நீட்டிப்பு, என் மிக்ஸி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன் சார். வெட்கமாக இருந்தது. ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்று ஒரு தாளை எடுத்து எழுதினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அது எனக்குத் தெரியும். முதலில் பசை மட்டம் என்று ஆரம்பித்தேன். கிழித்தேன். அடுத்ததில் டை கட்டிய மனுஷர் வாளியில் போட்டதை எழுதினேன். கிழித்தேன். மூன்றாவதில் சேசுராஜ் பெயர் வந்தது. அதைச் சுக்கு சுக்காகக் கிழித்தேன். நாலாவது தாளில் ஒரே வரி: ஐயா, சென்சார்களைச் சீயக்காய்த் தண்ணீரில் போடச் சொன்னது நான். கீழே கையெழுத்து.

எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தேழு வயதில் அப்படி ஓடக்கூடாது. எஸ்.எம். நாற்காலியில் இல்லை, எழுந்து கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"ஹெச்-பிளான்ட்தானே?"

"ஆமா சார்."

"மிச்சம் மூணு."

"மூணு சார். ஆனா அதுக்கு முன்னாடி இந்தத் தாளை..."

"பெரியநாயகம், தாள் எங்கயும் ஓடிடாது. மூணையும் நிறுத்துங்க. உள்ள ஆள் இருக்கான்னு முதல்ல பாருங்க."

அவராகச் சொல்லும்வரை நான் மூன்று என்று சொல்லவே இல்லை சார். இன்றுவரை எனக்கு அது ஆச்சரியம்தான். அனுபவம் அப்படி.

மூன்றையும் நிறுத்தினோம். அமுதவல்லியைத் தேடிக்கொண்டு உள்ளே போனால் ஆளைக் காணோம். வெளியே நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள். "நான் நாலு நாளா அந்தப் பக்கமே போகலண்ணே" என்றாள். என் நல்ல நேரம், நாலு நாளாக அவளுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

இரண்டாவது ஃபேனின் பேரிங் மூடியைச் சேசுராஜ் கழற்றினான். கழற்றும்போதே உள்ளே இருந்த குண்டுகள் உடைந்து பொலபொலவென்று அவன் கையில் கொட்டின. நீலம் பாரித்துக் கிடந்தன. அதைப் பிடித்து நிறுத்துகிற கூண்டு தூள் தூளாகப் போயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் அவ்வளவுதான். சேசுராஜ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். நானும் அவனைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன், அந்த நேரத்தில் எது வந்ததோ அது.

ஹால் முழுக்க நின்றால் சின்ன முதலாளி வராமல் இருப்பாரா? வந்தார். படித்த பிள்ளை, எல்லாவற்றையும் கேட்கிற பிள்ளை. செல்போனைப் பார்க்கிறார், ஏழாம் கார்டிங் என்று இருக்கிறது. என் கையைப் பார்க்கிறார், ஹெச்-பிளான்ட் பேரிங் இருக்கிறது. சிஸ்டம் சொன்னது கார்டிங்கை, நீங்கள் கழற்றியது ஃபேனை, எப்படி என்று கேட்டார். சுற்றிலும் இருபது முப்பது பேர். சேசுராஜ் இருக்கிறான், அமுதவல்லி இருக்கிறாள், கரண்டியோடு குழந்தைசாமி இருக்கிறார்.  நான் சட்டைப் பையில் கையை விட்டேன். தாளைத் தொட்டும்விட்டேன்.

எஸ்.எம். பேசினார். "சிஸ்டம் நோய் இருக்குன்னு சொல்லுச்சு. யாருக்குன்னு பெரியநாயகம் கண்டுபிடிச்சார்."

அவ்வளவுதான். சின்ன முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கிரீஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். குழந்தைசாமி கரண்டியால் தூணில் தட்டினார். என் இன்னொரு கை பையிலேயே இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை சார். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். எடுத்திருக்க வேண்டும், இல்லையா?

கார்த்திகையில் நீட்டிப்புக் கடிதம் வந்தது. இரண்டு வருஷம். சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் கைதட்டல் கேட்கும். அதற்கப்புறம் மெர்லின் ஃபோன் பண்ணி, வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை உண்டு, ஆள் வந்து எல்லாச் சென்சாரையும் கழற்றி மறுபடி மாட்டுவார் என்றது. வந்து மாட்டிவிட்டுப் போனார், இப்போது எல்லாம் அதனதன் இடத்தில். எப்படி அமைந்தது பாருங்கள். மற்ற மில்லில் விசாரித்தேன், அங்கே அந்த மாதிரிச் சோதனை கிடையாதாம். நமக்கு மட்டும் ஏதோ விசேஷ ஏற்பாடு. இந்த வருஷ பூஜைக்கு ஒரு சர்க்குலர்கூட ஒட்டியிருக்கிறார்கள், சென்சாருக்கு இருந்த இடத்திலேயே பொட்டு வைத்தால் போதும் என்று. எந்த மில்லிலோ எவனோ கழற்றியிருப்பான்.

சில சமயம் யோசிப்பேன். ஒருவேளை இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்குமோ? சேச்சே. தெரிந்திருந்தால் ஒரு வருஷம் சும்மா இருப்பார்களா? நான் தபால் முனியாண்டியின் மாலையைக் கண்ணால் பார்த்தவன். தெரியாது சார். தெரிந்திருக்க வழியே இல்லை. அதனால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. தெரிந்து திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

என்ன சார், ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

யார், எஸ்.எம்மா? உங்களிடமா? என்னிடம் அனுப்பும்போதா?

என்ன சொன்னார், இன்னொரு தடவை சொல்லுங்கள்.

'பெரியநாயகம் சீயக்காய்க் கதையை அவரா சொன்னா கேளுங்க. சொல்லலேன்னா நீங்க கேக்காதீங்க.'

அப்படியா சொன்னார்.

சிரித்துக்கொண்டு சொன்னாரா, சும்மா சொன்னாரா? சிரிக்கவில்லையா. கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லையா.

இருங்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் அமுதவல்லி. அந்தச் சென்னைப் பெண். குழந்தைசாமி. இருநூறு பேர் சார். இருநூறு பேர் மூன்று ஷிப்டிலும் ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டு. இந்த மில்லிலா? முனியாண்டிக்கு மாலை போட்ட இந்த மில்லிலா?

எஸ்.எம். வருகிறார், அதோ மீட்டிங் முடிந்துவிட்டது. இப்போதே போய்ச் சொல்லிவிடட்டுமா? அந்தத் தாள் என் பர்ஸில்தான் இருக்கிறது, மடித்த இடம் மட்டும் கிழிந்திருக்கிறது.

வேண்டாம் என்கிறீர்களா? நீங்கள் சொல்வதும் சரிதான். ஒரு வருஷமாகத் தெரியாத மாதிரி நடிக்கிறார்கள், ஒருத்தர் தப்பாமல். எவ்வளவு கஷ்டம் அது. அவர்கள் உழைப்பை நான் ஏன் கெடுக்க வேண்டும்? எழுந்திருங்கள் சார், வணக்கம் சொல்லுங்கள். நான் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.